கப்பலின் பின்பக்கத்து அறை

"10 ஜூலை 2025, வியாழன். இன்றைய தப்பு: நான்காம் நம்பர் பம்பின் ஃபேன் பக்கத்து அதிர்வு அளவை, பம்பு பக்கத்துக் கட்டத்தில் எழுதிவிட்டேன். மோகன்குமார் சார் கண்டுபிடித்தார். பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுதியதை மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் எண்ணைத்தான் பார்த்தேன், பக்கத்தைப் பார்க்கவில்லை."

நந்திதா பேனாவை மூடினாள். மாலை வகுப்பில் ஏழரை மணி இடைவேளை. கேன்டீனில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கி வைத்துக்கொண்டு டைரி எழுதுவது அவள் வழக்கம். பகலெல்லாம் கணபதியில் ஒரு பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலை. காந்தம் வைத்த ஒரு சின்னக் குமிழை ஓடுகிற மோட்டாரின் மேல் ஒட்டவைத்து, அது எவ்வளவு அதிர்கிறது என்று மீட்டரில் பார்த்து எழுத வேண்டும். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை பீளமேட்டில் பி.இ. பகுதிநேர வகுப்பு. டிப்ளமோ படிக்கும்போது தொடங்கிய டைரி இது. ஒவ்வொரு நாளும் இரண்டே தலைப்பு: இன்றைய தப்பு, நாளைய வேலை. தப்பு இல்லாத நாள் என்று ஒன்று அதில் இதுவரை வந்ததில்லை.

"ஏனம்மணி, மூஞ்சி எது முதுகு எதுன்னு பார்க்காமயே காய்ச்சல் பார்த்துப்போட்டியா?" என்று பிரிவுத் தலைவர் மோகன்குமார் சார் காலையில் கேட்டதற்கு டெஸ்ட் பிரிவே சிரித்தது. அவர் கேலி செய்வாரே தவிர மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். ஆனால் நந்திதாவுக்கு ஒரு தப்பு தெரிந்துவிட்டால் அதன் அண்ணன் தம்பிகள் வேறெங்காவது ஒளிந்திருக்குமோ என்று தேடாமல் இருக்க முடியாது. பக்கத்தைப் பார்க்காமல் வேறு எதை எழுதியிருக்கிறேன்? டைரியைப் பின்னோக்கிப் புரட்டினாள்.

மே பதினெட்டாம் தேதிப் பக்கத்தில் கை நின்றது.

"கப்பல் அறை பதிவு செய்தாயிற்று. பின்பக்கத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கிற அறை. அறை எண்கள் இடது ஓரத்தில் பெரிதாகவும் வலது ஓரத்தில் சிறிதாகவும் இருக்கின்றனவே, ஏன்? கேட்க வேண்டும்."

கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு டிக் போடுவாள். இதற்கு டிக் இல்லை.

போனை எடுத்து அந்தக் கப்பலின் தள வரைபடத்தை முழுசாகத் திறந்தாள். மே மாதத்தில் அவள் பார்த்தது வேறு. எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது என்று, அறைகள் இருக்கிற பகுதியை மட்டும் பெரிதாக்கி, ஏ ஃபோர் தாளில் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்கேல் வைத்து அளந்தாள். தாளில் கப்பலின் மூக்கும் இல்லை, வாலும் இல்லை. நீளமான ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள். காந்திபுரத்து ஆம்னி பஸ் ஆபீசில் கொடுக்கிற சீட்டுப் படம் மாதிரியே இருந்தது. உறவுக்காரர்கள் யார் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பினாலும் சீட்டுப் போட்டுத் தருவது அவள்தான். ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து அந்தப் படங்களைப் பார்க்கிறாள். அதில் இடது கைப் பக்கம் டிரைவர். வலது கைப் பக்கம் கடைசி சீட்டு, தூக்கித் தூக்கிப் போடும். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

முழு வரைபடத்தில் கப்பலின் கூர்மூக்கு வலது பக்கம் இருந்தது. அறை எண்கள் அங்கிருந்துதான் தொடங்கி, வாலை நோக்கி ஏறிக்கொண்டே போயின.

அவள் ஸ்கேல் வைத்து அளந்து தேடிப் பிடித்த அறை, இடது ஓரத்திலிருந்து மூன்றாவது. இஞ்சினுக்கும், தண்ணீரைக் கடைகிற அந்த இரண்டு பெரிய விசிறிகளுக்கும் கிட்டத்தட்ட நேர் மேலே.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" உம்மல் குல்சும் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒரே வகுப்பு. ஒரு வால்வு கம்பெனியில் வரைபடம் போடுகிறவள். எதையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற ஆள்.

நந்திதா போனைத் திருப்பிக் காட்டிச் சொன்னாள். சொல்லி முடிக்க நாலு நிமிஷம் ஆனது.

"சரி, பின்னாடி ரூம். அதுக்கென்ன? கடல் தெரியுமா?"

"தெரியும். பால்கனி."

"அப்புறம் என்ன. நீ சொல்லாட்டி உங்கப்பா அம்மாவுக்குத் தெரியவா போகுது? கப்பல்னா ஆடும்னு நினைச்சுக்குவாங்க."

"அதுதான் குல்சும் பிரச்சினையே," என்றாள் நந்திதா.

வேலைக்கும் வகுப்புக்குமாக அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீடு கருமத்தம்பட்டியில். வீட்டை ஒட்டியே அப்பாவின் தறி செட்டு, பதினாறு விசைத்தறிகள். அம்மா மாரியாத்தாள் அந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம். இரண்டு வருஷமாக அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. டம்ளரைக் கீழே வைத்தால் டக்டக்கென்று இரண்டு முறை தட்டும். உள்ளுக்குள்ளே, பல்லுக்கடியில், ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது என்பாள். கோயம்புத்தூரில் பார்த்த டாக்டர் நிறைய யோசித்துவிட்டுச் சொன்னார்: "தறி இல்லாத இடத்துல ஒரு அஞ்சு நாள் படுத்துத் தூங்கிட்டு வாங்கம்மா. நடுக்கம் குறைஞ்சா தறியாலதான்னு வெச்சுக்கலாம். குறையலேன்னா நரம்பு டெஸ்ட் எடுத்து மாத்திரை ஆரம்பிக்கலாம். அந்த மாத்திரையைச் சும்மா ஆரம்பிக்கறதுக்கு எனக்கு இஷ்டமில்லை."

தறி இல்லாத இடம். கேட்க எளிதாகத்தான் இருந்தது. காங்கேயத்தில் பெரியம்மா வீட்டுக்கு அம்மா போனாள். பக்கத்துக் காம்பவுண்டில் தேங்காய் எண்ணெய் மில், விடிய விடியக் கடகடவென்று ஓடியது. தொண்டாமுத்தூரில் சின்னம்மா வீடு தோட்டத்துக்குள். மெஷின் ஏதும் இல்லை. ஆனால் அந்த வாரம் பார்த்து யானை இறங்கிவிட்டது. ஊரே தகர டப்பாவைத் தட்டிக்கொண்டும் வெடி போட்டுக்கொண்டும் கிடந்ததில் மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டாள். "ஏஞ்சாமி, இதுக்கு நம்ம தறியே தேவலாம்" என்றாள்.

அப்போதுதான் நந்திதா கப்பலைச் சொன்னாள். சென்னையில் ஏறினால் இலங்கையைத் தொட்டுவிட்டு ஐந்து இரவில் திரும்பும் பயணம். "கடலுக்கு நடுவால தறி ஏதுங்க?" என்று அவள் கேட்டதில் அப்பா செங்கோடன்கூட மடங்கிப்போனார். பால்கனி என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. டீக்கடையில், தறிக்காரர் சங்கத்தில், தறிக்குப் பாவு நூல் கொண்டுவருகிற டெம்போக்காரரிடம் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. பால்கனியில் நிற்கும்போது போட்டுக்கொள்ள ஒரு கூலிங் கிளாஸும் வாங்கியாயிற்று.

"இப்ப அம்மா அந்த ரூம்ல அஞ்சு நாள் தூங்கிட்டு வந்தாங்கன்னு வெச்சுக்கோ," என்றாள் நந்திதா. "நடுக்கம் அப்படியேதான் இருக்கும். டாக்டர் என்ன நினைப்பார்? தறியால இல்ல, அம்மா உடம்புலதான் கோளாறுன்னு நினைப்பார். அம்மாவும் அதையே நம்பிடுவாங்க. ஒரு தப்பான எண்ணைத் தப்பான கட்டத்துல எழுதின மாதிரி. ஆனா இதை யாரு கண்டுபிடிப்பாங்க?"

குல்சும் பன்னில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். "அப்ப சொல்லித்தான் ஆகணும்," என்றாள். "சொல்றப்ப உங்கப்பா கூலிங் கிளாஸைக் கழட்டச் சொல்லிட்டுச் சொல்லு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கப்பல் கம்பெனியின் சென்னை ஆபீசுக்குப் போன் செய்தாள். சாய்ப்ரியா என்று ஒரு பெண் எடுத்தாள். நந்திதா அறை எண்ணைச் சொன்னாள்.

"ஆமா மேடம், அது பின்பக்க ரூம்தான். வியூ ரொம்ப நல்லா இருக்கும்."

"அங்க அதிர்வு இருக்குமாங்க?"

சாய்ப்ரியா கொஞ்சம் தயங்கினாள். "சிலர் கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்க மேடம். டேபிள்ல கிளாஸ் வெச்சா லேசா சத்தம் வரும்னு. துறைமுகத்துல வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறப்ப இன்னும் கொஞ்சம். சிலர் நல்லாத் தூங்கிட்டாங்கன்னும் சொல்லியிருக்காங்க. ஒவ்வொருத்தர் உடம்பைப் பொறுத்தது."

"எவ்வளவு அதிரும்னு அளவு ஏதாவது...?"

"அளவுன்னா மேடம்?"

"இல்ல, ஒண்ணுமில்லைங்க. வேற ரூம் இருக்குங்களா?"

பால்கனி அறைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. நடுக்கப்பலில், கீழ்த்தளங்களில் ஒன்றில், ஒரே ஓர் உள்ளறை இருந்தது. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பகலா இரவா என்று தெரியாது. பழக்கப்பட்ட பயணிகள் ஆட்டம் குறைவு என்று கேட்டு வாங்குகிற அறைதான் அது என்றாள் சாய்ப்ரியா. திங்கட்கிழமை பதினொரு மணி வரை எடுத்து வைக்கிறேன், அதற்குமேல் முடியாது என்றாள்.

நந்திதா எழுதிக்கொண்டாள். எழுதியதை மூன்று முறை படித்தாள். நாலாவதாகக் கேட்டாள்: "நடுன்னா, முன்னாலயிருந்தும் பின்னாலயிருந்தும் நடுவுதானுங்களே?"

"நடுன்னா நடுதான் மேடம்," என்றாள் சாய்ப்ரியா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் மோகன்குமார் சாரிடம் போய் நின்றாள். பழைய மீட்டர் ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டாள்.

"ஊட்டுக்கா? எதுக்கு, கல்யாணத்துக்கு வர்ற மாப்பிள்ளை நடுங்குறானான்னு பார்க்கவா?" என்றார். ஆனால் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

எதற்கு அந்த மீட்டர் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. கப்பலை இங்கிருந்து அளக்க முடியாது. அப்பாவிடம் வெறும் கையோடு போய் நிற்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கருமத்தம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஆனிக் காத்து புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அவசர ஆர்டர், ஞாயிறும் ஷிப்ட் வைத்திருந்தார் அப்பா. செட்டிலிருந்து வருகிற அந்தச் சத்தத்தை அவள் காது பஸ் நிறுத்தத்திலேயே பிடித்துவிட்டது. மற்றவர்களுக்கு அது இரைச்சல். அவளுக்கு வீடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தாளையும் போனையும் எடுத்துப்போட்டுச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. பஸ் படத்தையும் சொன்னாள், டிக் போடாத கேள்வியையும் சொன்னாள்.

செங்கோடன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "கப்பலுக்கு டிரைவர் சீட்டு தேடிப்போட்டியா! இஞ்சினியரு! ஏப்புள்ள, கேட்டியா?"

மாரியாத்தாள் சிரிக்கவில்லை. "எத்தனை ஆடுமாமா, கண்ணு?"

"தெரியலீங்கம்மா. அளவு அவங்ககிட்ட இல்லை. நடுவால ஒரு ரூம் இருக்குது. ஜன்னல் இல்லை. திங்கக்கிழமை பதினொரு மணிக்குள்ள சொல்லோணும்."

"ஜன்னல் இல்லையா?" செங்கோடனின் சிரிப்பு நின்றது. "அப்ப பால்கனி?"

"இல்லீங்ப்பா."

"கெரகம். கடலைப் பார்க்கறதுக்குக் காசு குடுத்துப்போட்டு, குடோனுக்குள்ள சரக்கு மாதிரி படுத்துட்டுப் போறதா? சங்கத்துல அத்தனை பேருகிட்டயும் சொல்லியாச்சு. ஆடுனா ஆடட்டும். தறிக்குப் பக்கத்துலயே குடும்பம் நடத்தறோம், அதை விடவா ஆடிப்போடும்? எனக்கு இத்தனை வருசத்துல ஒரு நடுக்கமும் இல்லையே. உங்கம்மாவுக்கு எல்லாமே மனசுதான்."

இதை நந்திதா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பா கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரியவில்லை, அதனால் இல்லை என்கிறார். அம்மா ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொள்வாள். இந்த முறையும் தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். எவர்சில்வர் தட்டு தட்டோடு மோதி டக்டக்கென்றது.

அந்தச் சத்தம்தான் நந்திதாவை எழுப்பியது. பையிலிருந்து மீட்டரை எடுத்தாள்.

"அப்பா, ஒரு நிமிசம் என்கூட வாங்க."

அம்மா படுக்கிற அறை வீட்டின் கடைசியில் இருக்கிறது. தறி செட்டின் வடக்குச் சுவரும் அந்த அறையின் சுவரும் ஒன்றுதான். நந்திதா காந்தக் குமிழை இரும்புக் கட்டிலின் கால்மாட்டில் ஒட்டவைத்தாள். எண்கள் மேலும் கீழுமாகத் துள்ளி, மெல்ல ஓர் இடத்தில் நின்றன. நாலு புள்ளி எட்டு. பக்கத்தைச் சரிபார்த்தாள். தலைமாட்டில் வைத்தாள். ஐந்து புள்ளி ஒன்று. நோட்டில் எழுதினாள்.

பிறகு அப்பா படுக்கிற முன் அறைக்குப் போனாள். அதே கடையில் ஒரே நாளில் வாங்கிய சோடிக் கட்டில். குமிழை ஒட்டவைத்தாள். பூஜ்யம் புள்ளி ஆறு.

"இது என்ன கணக்கு?" என்றார் செங்கோடன்.

"அதிர்வுங்ப்பா. உங்க கட்டிலைவிட எட்டு மடங்கு எச்சா அம்மா கட்டில் ஆடுது." ஒரு கணம் தயங்கினாள். பிறகு, வருவது வரட்டும் என்று சொல்லிவிட்டாள். "அம்மா கட்டில் ஒரு பம்பா இருந்தா, எங்க கம்பெனியில டெஸ்ட்ல பெயிலுங்க. வெளிய அனுப்ப மாட்டோம்."

செங்கோடன் மீட்டரை வாங்கிப் பார்த்தார். தானே போய் அந்தக் கட்டிலில் இன்னொரு முறை ஒட்டவைத்தார். சுவரில் கை வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் செட்டுக்குள் ஒவ்வொரு தறியாக நிற்கிற சத்தம் கேட்டது. வடக்குச் சுவரை ஒட்டிய நாலு தறி. மீட்டரில் எண் இறங்கியது. நாலு, இரண்டு புள்ளி ஏழு, ஒன்று புள்ளி மூன்று.

அடுப்படியிலிருந்து மாரியாத்தாள் ஓடிவந்தாள். "ஏனுங்க, நாலு தறி நின்னுபோச்சு! அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு! கரன்ட் போச்சா?"

"இல்லீங்கம்மா. அப்பாதான் நிறுத்துனாங்க."

"எந்தத் தறின்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று செங்கோடன் கதவோரத்தில் நின்று கேட்டார்.

"தெரியாம? எந்தத் தறி நின்னாலும் எனக்கு முழிப்பு வந்துரும்ல. நடுராத்திரியில ஊடைநூல் அந்து தறி நின்னா, ஜன்னலண்ட போயி ஆளுக்குச் சத்தம் போடறது யாரு? நீங்களா?"

அந்த அறையில் அவள் படுத்தால்தான் செட்டுக்குச் சௌகரியம் என்று கல்யாணமான புதிதில் முடிவு செய்தது செங்கோடனின் அம்மாவா, அவரா என்று அவருக்கே இப்போது ஞாபகமில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப நம்மூட்லயும் உன்னையக் கப்பலோட பின்னாடி ரூம்லதான் படுக்க வெச்சிருக்கேன்," என்றார்.

மாரியாத்தாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொல்லலீங்களா, வடக்குச் செவுத்து நாலும்தான்னு."

"சொன்னே. காதுல வாங்கல."

மற்றப் பன்னிரண்டு தறியும் தள்ளி ஓடிக்கொண்டிருந்தன.

"சரி, பால்கனியை விட்டுப்போடலாம்," என்றார் செங்கோடன். "சங்கத்துல ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கறேன். கப்பலோட மொட்டை மாடி இருக்குமல்லோ, அங்க நின்னு போட்டோ எடுத்துக்கலாம்."

"கூலிங் கிளாஸ் வீணாப் போகாதுங்ப்பா," என்றாள் நந்திதா.

"நீ பேசாத. டிரைவர் சீட்டுக்காரி."

மாரியாத்தாள் கட்டிலில் கையை ஊன்றி உட்கார்ந்தாள். கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கொரு பயம் கண்ணு. தறி நின்னாலே முழிப்பு வர்ற உடம்பு இது. ஒண்ணுமே ஆடாத ரூம்ல படுத்தா, அஞ்சு நாளும் முழிச்சேதான் கிடப்பேனோ என்னமோ."

நந்திதா ஆறுதலாக ஏதாவது சொல்லலாம். ஆனால் அது அளந்து பார்க்காத எண்ணை எழுதுவது போலத்தான்.

"அப்படியும் ஆகலாமுங்கம்மா. எனக்குத் தெரியலை."

"ம். அதைத் தெரிஞ்சுக்கத்தானே போறோம்," என்றாள் மாரியாத்தாள். "அந்த நடு ரூமையே போட்டுரு. ஒரு நோட்டும் பேனாவும் குடு. தூங்குனேனா இல்லையான்னு காத்தால எந்திரிச்சு எழுதி வெக்கறேன். உன்னாட்டவே."

சாயங்காலம் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு. கிளம்பும்போது அப்பா, ஒரு முனையைத் தானே பிடித்து, அம்மாவின் கட்டிலை முன் அறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். தறி நின்றால் யார் சத்தம் போடுவது என்று இரண்டு பேரும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். வாசல் தாண்டும்வரை கேட்டது. நந்திதா மடியில் டைரியை விரித்து, பஸ் நின்ற நிறுத்தங்களில் மட்டும் எழுதினாள்.

"13 ஜூலை 2025, ஞாயிறு. இன்றைய தப்பு: நாலு வருஷமாக ஊரான் பம்பையெல்லாம் அளந்துவிட்டு, அம்மாவின் கட்டிலை இன்றுதான் முதன்முதலாக அளந்தேன். அம்மாவின் நடுக்கம் தறியால்தானா என்பது இன்னும் தெரியவில்லை. கட்டில் ஆடுகிறது என்பது மட்டும் தெரியும்.

நாளைய வேலை: பதினொரு மணிக்கு முன்னால் சாய்ப்ரியாவுக்குப் போன் செய்து அறையை மாற்றுவது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்வது. மீட்டரைத் திருப்பிக் கொடுப்பது. தறிக்கு அடியில் வைக்கிற ரப்பர் கட்டை எங்கே கிடைக்கும் என்று மோகன்குமார் சாரிடம் கேட்பது. அம்மாவுக்கு ஒரு நோட்டு வாங்குவது, கோடு போட்டது."